சட்டைப்பையில் ஒரு பிச்சாத்தி

போன ஆவணியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முந்தின நாள் ராத்திரி காய்கறி வெட்டு. வாழையிலைக் கட்டு வந்து இறங்கியது. அதைச் சுற்றி யாரோ நைலான் கயிற்றால் வெறி பிடித்தவர் மாதிரி வரிந்து கட்டியிருந்தார்கள். “பிச்சாத்தி உண்டா மக்கா?” என்று சித்தப்பா கேட்டார். எங்கள் ஊரில் சின்னக் கத்திக்கு அதுதான் பெயர். இந்தக் கேள்விக்காகத்தானே மூன்று மாதமாகக் காத்திருக்கிறேன்! பாக்கெட்டில் கைவிட்டேன். கட்டைவிரலால் ஒரு தட்டு. ‘டக்’ என்று பாய்ந்து வந்தது, கறுப்புப் பூச்சு அடித்த மூன்றரை அங்குல பிளேடு. முதுகில் ரம்பப் பல் வேறு.

அந்த ‘டக்’ சத்தத்தில் பந்தலே ஒரு நொடி அமைதியானது. பக்கத்தில் நின்ற பிள்ளையை மைனி இழுத்துப் பின்னால் விட்டுக்கொண்டாள். சித்தப்பா கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எதுக்குலே இது? ஆளைக் குத்தப் போறியா?” ஏத்தங்காய் சீவிக்கொண்டிருந்த மாமி தன் கையில் இருந்த துருப்பிடித்த பிச்சாத்தியை நீட்டினார். அதை வைத்துத்தான் கயிற்றை அறுத்தோம். நான் என்னுடையதை மடக்கி உள்ளே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

தினமும் பையில் வைத்துக்கொள்ள எந்தக் கத்தி நல்லது என்று இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஸ்டீல் பெயர், பூட்டு வகை, ஒரு கையால் திறக்கும் வேகம் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. எனக்கு அந்த ராத்திரிக்குப் பிறகு முதல் சோதனை ஒன்றே ஒன்றுதான். நாலு பேர் நடுவில் கத்தியை எடுத்தால் ஒருவரும் பின்வாங்கக் கூடாது. ஒருவர் கேட்டால் தயங்காமல் கொடுக்க முடிய வேண்டும், அவரும் தயங்காமல் வாங்க வேண்டும். இதில் தோற்ற கத்தி எந்த ஸ்டீலாக இருந்தால் என்ன?

எனக்கு வீடு களியக்காவிளைப் பக்கம். ஜெராக்ஸ் கடை பாறசாலையில். காலையில் தமிழ்நாட்டிலிருந்து கேரளாவுக்குப் போய், ராத்திரி திரும்பி வருகிற பிழைப்பு. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் வாழை. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு மாதம், கத்தியை எடுத்த ஒவ்வொரு முறையும் எதற்கு என்று கடைச் சிட்டையில் குறித்து வைத்தேன். (கடைப் பையன் நான் கடன் கணக்கு எழுதுகிறேன் என்று நினைத்திருக்கிறான்.) பாதிக்கு மேல் பார்சல் டேப்பும் காகிதக் கட்டின் பிளாஸ்டிக் பட்டையும்தான். அப்புறம் பால் பாக்கெட், மாம்பழம், கொய்யா, வாழைத்தோட்டத்தில் காய்ந்த இலை, ஒயர் முனையின் தோல், மகனுடைய பென்சில். ஒரு தடவை செருப்பு வார். இதில் ஒன்றுக்குக்கூட இரண்டரை அங்குலத்துக்கு மேல் பிளேடு தேவைப்படவில்லை. மூன்றரை அங்குலத்தை நான் சுமந்தது யாருக்காக என்று இன்னும் தெரியவில்லை.

நம் ஊரில் பெரிய வேலைக்குப் பெரிய கத்தி எப்போதுமே தனியாக இருக்கிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். விறகுக்கும் சக்கைக்கும் (பலாப்பழம்தான்) வெட்டுகத்தி. பனையேறிக்குப் பாளை அரிவாள். ரப்பருக்கு அதற்கென்றே நுனி வளைந்த கத்தி; இந்தியத் தோட்டங்களில் அதிகம் புழங்குவது மிச்சி கோலெட்ஜ் என்ற வகை. பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவ வேண்டும், கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரத்துக்குக் காயம். அந்தக் கத்தியால் யாராவது பழம் நறுக்குவதைப் பார்த்தால் என் அப்பா விடமாட்டார். ஒரு வேலைக்கு ஒரு கத்தி என்று வளர்ந்த ஊரில், எல்லா வேலைக்கும் ஒரே கத்தி என்று சட்டைப்பைக்கு எதையாவது விற்க வருவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. சட்டைப்பைக் கத்தியின் இடம் இவற்றுக்கு நடுவில் விடுபட்டுப்போகும் சில்லறை வேலைகள்தான். சில்லறை வேலைக்குச் சில்லறை அளவு.

மடக்குக் கத்தி நமக்குப் புதிதும் இல்லை. ஓலையில் எழுதிய காலத்திலேயே மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரே பிடிக்குள் எழுத்தாணியும் கத்தியும் மடங்கிக்கொள்ளும். கத்தி ஓலையை வாரவும் ஓரம் நறுக்கவும், ஆணி எழுதவும். பேனாக்கத்தி என்று நாம் சொல்கிறோமே, அதுவும் இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த கத்திதான். இரண்டுமே எழுதுகிறவன் கையில் இருந்த சாமான். சண்டைக்காரன் இடுப்பில் இருந்தது வேறு.

இதில் வேடிக்கை, ராணுவத்துக்கென்றே பிறந்த சுவிஸ் கத்தியும் இந்தப் பக்கத்து ஆள்தான். சுவிஸ் படை தன் சிப்பாய்களுக்கு ஒரு மடக்குக் கத்தி வேண்டும் என்று தீர்மானித்ததற்குக் காரணம், புதிய துப்பாக்கியைக் கழற்ற ஒரு திருப்புளி, தகர டின்னைத் திறக்க ஒரு திறப்பான். முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கனில் செய்யப்பட்டது. 1891-ல் இபாக் ஊரின் கார்ல் எல்ஸனர் அதைச் செய்யத் தொடங்கினார். 1897-ல் தக்கைத் திருகியும் சேர்ந்த அதிகாரிகள் கத்தி வந்தது. பிறகு எல்ஸனரின் தாய் விக்டோரியாவின் பெயரையும், துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் இனாக்ஸ் என்ற சொல்லையும் சேர்த்துக் கம்பெனிக்கு விக்டோரினாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சிப்பாய்க்கே டின் திறக்கவும் திருகு கழற்றவும் சின்னக் கத்தி போதும் என்றிருந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு எதற்குக் கறுப்புப் பூச்சு?

சுவிஸ் கத்தியின் அளவு பற்றி என் தீர்ப்பு இது; மடக்கிய நீளத்தை வைத்துச் சொல்கிறேன். 58 மில்லிமீட்டர் குட்டிக் கத்தி சாவிக்கொத்தில் தொங்கும், பத்திரிகைக் கவரையும் நூலையும் அறுக்கும். ஆனால் மாம்பழத்தில் இறங்கினால் பிடியெல்லாம் சாறு. என் தடித்த விரலுக்கு அது பொம்மை. 91 மில்லிமீட்டர் நல்ல அளவுதான், ஆனால் அங்கேதான் ஆசை பிடித்து இழுக்கும். கத்தரி வேண்டும், ரம்பம் வேண்டும், பூதக்கண்ணாடி வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் சட்டைப்பை ஒரு பக்கமாகத் தொங்கும். ரம்பம் உள்ளதை ஒரு வருஷம் வைத்திருந்தேன். ஒரே ஒரு முறை ஒரு கொய்யாக் கிளையை அறுத்தேன், அதையும் கையால் ஒடித்திருக்கலாம். எனக்குப் பிடித்தது 84 மில்லிமீட்டரில், அலுமினியப் பிடி போட்ட தட்டையான வகை. ஒரு பிளேடு, ஒரு அரம், இரண்டு திறப்பான். 50 கிராமுக்குள் எடை. வேட்டி மடிப்பில் செருகினாலும் தெரியாது. தக்கைத் திருகி அதில் இல்லை என்பது மட்டும் ஒரு குறை. நாம் யாரும் ஒயின் பாட்டில் திறப்பதில்லை, சரி. ஆனால் இறுகிப்போன நைலான் முடிச்சுக்குள் அதை நுழைத்துத் திருகினால் முடிச்சு தானாக இளகும். கயிற்றை அறுக்காமல் மிச்சப்படுத்தலாம். வாழைக்கு முட்டுக்கொடுத்துக் கட்டுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பிரெஞ்சுக்காரர்களின் ஓப்பினெல்லும் ஒன்று வாங்கினேன், எட்டாம் நம்பர், எட்டரை சென்டிமீட்டர் பிளேடு. பார்க்க அத்தனை அழகு. 1890-ல் தொடங்கிய வடிவம், கழுத்தில் திருகுகிற வளையப் பூட்டு 1955-ல் வந்தது. பீச் மரப் பிடி, பார்த்தால் சமையலறைச் சாமான் மாதிரி இருக்கும், மைனியும் பயப்பட மாட்டாள். என் முதல் சோதனையில் முதல் மதிப்பெண் அதற்குத்தான். ஆனால் நம் ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரத்தில் அந்த மரம் ஊதி பிளேடைக் கவ்விக்கொண்டது. நகம் உடைகிற அளவுக்கு இழுத்தும் வரவில்லை. அந்த ஊர்க்காரர்கள் பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் ஒரு தட்டு தட்டுவார்களாம், பிளேடு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். நானும் கடை மேசையில் தட்டினேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு சேச்சி, ஏதோ கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்துப் பேசாமல் போய்விட்டார். இப்போது அது வீட்டு அலமாரியில், மாம்பழ சீசனுக்கு மட்டும்.

பூட்டு வேண்டுமா வேண்டாமா என்பதில் என்னோடு பலர் சண்டைக்கு வருவார்கள். பூட்டு இல்லாத கத்தி விரலில் மடங்கிவிடும் என்கிறார்கள். உண்மைதான், என் ஆள்காட்டி விரலில் அடையாளம் இருக்கிறது. ஆனால் அது எப்படி வந்தது? தேங்காய்த் தொண்டில் முனையைக் குத்திக் கிளறினேன். மடக்குக் கத்தி சீவவும் அறுக்கவும் செய்த சாமான், கிளறுவதற்குப் பாரை இருக்கிறது. பூட்டு இருந்தால் அது தாங்கும் என்று நம்பி இன்னும் பலமாகக் குத்தியிருப்பேன். மலிவான பூட்டு நடுவில் கைவிட்டால் காயம் பெரிது. குத்தித்தான் ஆக வேண்டும் என்ற தொழிலில் இருப்பவர்கள் நல்ல பூட்டு உள்ளதை வாங்குங்கள், தவறில்லை. மற்றபடி எனக்கு ஸ்பிரிங் பிடிமானம் போதும்.

இனி ஸ்டீல். இதில்தான் வலைத்தள வீரர்கள் நம்மைக் குழப்புகிறார்கள். டி2 என்று ஒரு ஸ்டீல், கூர் நெடுநாள் நிற்கும் என்று புகழ்வார்கள். நிற்கும். என் ‘டக்’ கத்தி அதுதான். ஆனால் அதில் உள்ள 12 சதவீதம் குரோமியத்தில் பெரும்பகுதி கார்பனோடு சேர்ந்து கெட்டித் துகளாகிவிடுவதால், துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது குறைவு. கறுப்புப் பூச்சு உரசிப்போன இடத்தில், மழைக்காலத்தில் இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டேன், புள்ளி புள்ளியாகப் பழுப்பு. போதாததற்கு அது மொக்கையானால் நம் வீட்டுக் கல்லில் தீட்டுவதற்குள் பொழுது விடிந்துவிடும். சுவிஸ் கத்தியின் எஃகு இதற்கு நேர்மாறு. கார்பன் அரை சதவீதம், குரோமியம் 15 சதவீதம் அளவில். சீக்கிரம் கூர் மழுங்கும், சீக்கிரம் தீட்டவும் வரும். கூர் எத்தனை நாள் நிற்கிறது என்பதைவிட அதைத் திரும்பக் கொண்டுவர எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பாருங்கள்.

தீட்டுவதற்குத் தனிக் கல்லே வேண்டாம். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மினுமினுப்பு இல்லாத ஒரு சொரசொரப்பு வளையம் இருக்கும், அது போதும். சாய்வுதான் முக்கியம். இந்தச் சின்ன பிளேடுக்கு, முதுகு இரண்டு தீக்குச்சி கனம் தூக்கலாக இருந்தால் ஏறக்குறைய 20 பாகை வந்துவிடும். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பத்துப் பத்து இழுப்பு, கடைசியில் பிசிறு போக லேசாக நாலு. கூர் பார்க்க ஒரு காகிதம். தீட்டிய மரத்திலேயே பதம் பார்க்க வேண்டாம், சொந்த விரல் நகத்திலும் வேண்டாம்.

எஃகைவிட எனக்குக் கவலை கீல்தான். சக்கைப் பிசின் ஒருமுறை கீலுக்குள் போனால் கத்தி ஒட்டி இறுகிவிடும். சக்கை வெட்டும்போது நாம் கையிலும் வெட்டுகத்தியிலும் தேங்காயெண்ணெய் தடவுகிறோம், மடக்குக் கத்தியை அங்கே எடுக்கவே கூடாது. எடுத்துவிட்டால் பிசினை எண்ணெய் போட்டுத் துடைத்து, அப்புறம் சோப்பு போட்ட வெந்நீரில் திறந்து மூடித் திறந்து மூடிக் கழுவி, வெயிலில் காயவைத்து, கீலில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். கீலுக்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்காகித் தூசியைச் சேர்க்கும். அதனால்தான் உள்ளே பேரிங்கும் இடுக்கும் நிறைந்த ‘டக்’ வகையறா நம் மண்ணுக்கு ஒத்துவராது என்கிறேன். இரண்டு தகடும் ஒரு ஆணியும் உள்ளதைக் கழுவ வாய்க்கால் போதும்.

சட்டத்தைப் பற்றியும் கேட்பார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகளில், 9 அங்குலத்தைவிட நீளமான அல்லது 2 அங்குலத்தைவிட அகலமான அலகுள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் இவற்றுக்கென்று செய்தவை அதில் இல்லை. நம் சட்டைப்பைக் கத்தி அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் சின்னது என்பதால் எங்கும் கொண்டுபோகலாம் என்று அர்த்தம் இல்லை. திருவிழாக் கூட்டம், கோர்ட்டு, அரசியல் கூட்டம் என்றால் வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் மரியாதை. விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது, பெட்டியில் போட்டு அனுப்புகிற சாமானோடு வைக்கலாம். நான் இதை மறந்து, ஒரு விமான நிலையத்தில் என் பாட்டாவின் (தாத்தாவின்) பேனாக்கத்தியைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். சோதித்தவர் மேல் ஒரு தப்பும் இல்லை. பிடியில் பாட்டா ஊசியால் கீறிய அவருடைய முதலெழுத்து இருந்தது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத முடியவில்லை.

செக்போஸ்ட்டில் ஒரு ராத்திரி என் பையைத் திறக்கச் சொன்னார்கள். காகிதக் கட்டு, டோனர் டப்பா, அடியில் இந்த வெள்ளி நிறக் கத்தி. போலீஸ்காரர் எடுத்துத் திறந்தார், அரத்தையும் வெளியே இழுத்துப் பார்த்தார். “இது எவிடெந்நா வாங்ஙியது?” என்றார். சொன்னேன். தன் நகத்தை ஒரு இழுப்பு தேய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்று கையில் அந்தக் கறுப்புக் கத்தி இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்கு வந்தார். மட்டிக்குலை ஒன்று பழுத்திருந்தது. காம்பு நறுக்கப் பிச்சாத்தி கேட்டார். நான் நீட்டினேன். “கையில தராதலே, சண்டை வரும். கீழ வை.” திண்ணையில் வைத்தேன், எடுத்துக்கொண்டார். இரண்டு சீப்பு நறுக்கினார், திறப்பானால் செருப்பு ஆணியை முடுக்கினார், பிளேடை வேட்டியில் துடைத்து மடக்கினார். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போனது. கத்தி அவர் சட்டைப்பையோடு போய்விட்டது. இன்றைக்கு வியாழக்கிழமை, கடையில் பார்சலைப் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.