தாத்தா பிறந்தது எந்த மாவட்டம்?

எங்கள் தாத்தா 1912-இல் செங்கோட்டையில் பிறந்தவர். வம்சாவளி எழுத ஒரு செயலியைத் திறந்து ஊர்ப்பெயரைத் தட்டினால், 'தென்காசி மாவட்டம், தமிழ்நாடு' என்று அதுவே நிரப்பிவிடுகிறது. அந்த மாவட்டம் உருவானதே 2019-இல்! தாத்தா பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-இல்தான் பிரிந்து திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. அப்போதுகூட நம் மாநிலத்துக்கு மெட்ராஸ் என்றுதான் பெயர். தமிழ்நாடு ஆனது 1969-இல்.

சரி, நானே திருத்தினால் 'தவறான இடம்' என்கிறது. சொந்தக்காரர்களோ, "எல்லாம் ஒரே ஊர்தானே, விடுப்பா" என்கிறார்கள். எப்படி விடுவது? நாளைக்கு என் பேத்தி பழைய பத்திரத்தைத் தேடித் தென்காசியிலும் திருநெல்வேலியிலும் அலைவாள். அதுவோ மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டுக் கணக்கில், திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த திருவனந்தபுரத்தில் ஏதோ ஒரு கட்டுக்குள் கிடக்கும்.