கோழி ஏறிய வள்ளம்

மரப்படகை வெயிலில் காயவிடாதீர்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது நூற்றுக்கு நூறு உண்மை. அப்பா போனபின் எங்கள் வள்ளம் இரண்டு வருடம் கரையிலேயே கிடந்தது. பூசணிக்கொடி படர்ந்துவிட்டது. கொடியை அறுத்துவிட்டு மாமாவும் நானும் வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கினோம். அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்பகுதியில், கோழி ஒன்று அடைகாப்பதைக் கவனிக்கவில்லை! பத்து அடி போவதற்குள் பலகை இடுக்கெல்லாம் ஊற்றெடுத்தது. தண்ணீர் பட்டதும் கோழி மாமாவின் தோளில் ஏறிக்கொண்டது. அவர் அதோடேயே டப்பாவால் இறைத்தார். காய்ந்த மரம் சுருங்கும், இடுக்கு திறக்கும். அதனால் வள்ளத்தை ஆழமில்லாத தண்ணீரில் மூன்று நாள் அமிழ்த்தி வைத்தோம். பலகைகள் ஊறிப் பருத்ததும் பெரும்பாலான கசிவு தானாக நின்றது. மீதி இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைத்தோம். ஆறு முட்டைகளையும் காப்பாற்றிவிட்டோம்.