எல்லார் முதுகும் தெரியும் ஒரு படம்

இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் என்னால் சட்டென்று தாண்டிப் போக முடியாத படம் ஒன்று உண்டு. 1944 ஜூன் 6 காலை, ஜெர்மனியின் பிடியிலிருந்த பிரான்சை மீட்க நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய நாள்; இடம் ஒமாகா கடற்கரை. அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் ராபர்ட் சார்ஜென்ட் படகுக்குள்ளிருந்து எடுத்தது. படகின் முன்கதவு விழுந்து கிடக்கிறது, சிப்பாய்கள் தண்ணீரில் இறங்கிக் கரையைப் பார்த்துப் போகிறார்கள். ஒருத்தர் முகமும் சரியாகத் தெரியாது.

யாரும் ஓடவில்லை, கவனித்தீர்களா? ஓட முடியாது. கடலூர் தேவனாம்பட்டினம் கடலில் இடுப்பளவு தண்ணீரில் வெறுங்கையோடு நாலு எட்டு வைத்துப் பாருங்கள், அலை ஆளையே தள்ளும். இவர்களுக்கு முதுகில் சுமை, அதுவரை படகில் ஆடி ஆடி வாந்தியெடுத்த உடம்பு, நனையாமலிருக்க பிளாஸ்டிக் உறை போட்ட துப்பாக்கி, எதிரே மேட்டில் ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிகள். அன்று அந்தக் கரையில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள்.

இதைப் போய் "பயமறியாச் சிங்கங்கள்" என்று பகிர்கிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. சின்னப் பையன்கள், பலர் கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவர்கள், பயம் இல்லாமலா இருக்கும்? "அப்போ வேற வழியில்லாமதானே இறங்கினாங்க, இதுல என்ன துணிச்சல்?" என்று ஒரு நண்பர் கமெண்ட்டில் வருவார் (வருவார், தெரியும்). இறங்கியது வேண்டுமானால் வழியில்லாமல் இருக்கட்டும். அப்புறம் கரையில் கூழாங்கல் மேட்டுக்குப் பின்னால் ஒண்டிக் கிடந்தவர்கள், பக்கத்தில் விழுந்தவனைப் பார்த்த பிறகும் எழுந்து மேடேறினார்களே, அதற்கு என்ன பெயர்?

நம்ம ஊருக்கு வருகிறேன். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலை பக்கத்தில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போய்ச் செத்த நம்மூர்க்காரர்களுக்காக 1938-இல் திறந்தது. பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14 வந்தால் விளக்கும் மலர்வளையமும், மற்ற நாளில் செல்ஃபிக்குப் பின்னணி. பின்னாளில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா (வியட்நாம் பக்கம்), அல்ஜீரியா என்று போய்வந்த நம்மூர்ச் சிப்பாய்களை, அதாவது சொல்தாக்களை, "பென்ஷனுக்குப் போனவங்கதானே" என்று இளக்காரமாகப் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். சரி, பென்ஷனுக்குத்தான் போனார்கள். குடும்பம் பசியில் கிடந்தால் நீங்களும் நானும் போயிருப்போம். சம்பளத்துக்கு வந்தவன் என்று பார்த்துக் குண்டு விலகிப் போகுமா என்ன?

வீட்டில் சொல்தா தாத்தா இருந்தவர்கள், பெட்டியில் பழைய படம் கிடந்தால் கமெண்ட்டில் போடுங்கள். பின்பக்கம் ஊரும் வருஷமும் எழுதியிருந்தால் அதையும் ஒரு படம் எடுத்துச் சேருங்கள்.