முதல் காசு எந்தத் திகதியில் கைக்கு வரும்? பட்டப்பின்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மலையகப் பிள்ளைகளுக்கு

“அட்மிஷன் கிடைச்சிருச்சு. இனிக் காசுக்கு என்ன செய்யலாம்?”

ஒவ்வொரு வருடமும் மே, ஜூன் மாதங்களில் இந்தக் கேள்வி கிளம்பும். அதற்குள் பெரிய புலமைப்பரிசில்கள் பலவற்றின் முடிவுத் திகதி போய் அரை வருடம் ஆகியிருக்கும். நம் பிள்ளைகள் முதலில் நாட்டைத் தெரிவு செய்கிறார்கள், பிறகு பல்கலைக்கழகத்தை, கடைசியில்தான் காசைப் பற்றி யோசிக்கிறார்கள். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். யார் காசு தருகிறார்கள், அந்தக் காசில் முதல் தொகை எந்தத் திகதியில் கைக்கு வரும் என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு நாட்டைப் பாருங்கள்.

கொழும்பிலோ கண்டி நகரத்திலோ உள்ள குடும்பம் காணி உறுதியை வங்கியில் வைத்துக் கடன் எடுக்கும். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவுக்கு உறுதி கிடையாது. புதிதாகக் கட்டிய ஏழு பேர்ச் வீடுகளிலும் எத்தனையோ குடும்பங்கள் இன்னும் உறுதிக்குக் காத்திருக்கின்றன. அப்பா அம்மாவின் ஊழியர் சேமலாப நிதியில் 30 வீதத்தை முன்கூட்டியே எடுக்க வழி இருக்கிறது, ஆனால் அது வீட்டுக்கும் வைத்தியத்துக்கும்தான், பிள்ளையின் படிப்புக்கு இல்லை. மிஞ்சுவது அம்மாவின் தோடும் சீட்டுக் காசும். அதை எங்கே வைக்கிறோம் என்பதில் தவறு செய்ய நமக்கு இடமே இல்லை.

ஒரு கணக்கு பாருங்கள். அமெரிக்கப் பட்டப்பின்படிப்பு அனுமதிக்குக் கேட்கும் ஜி.ஆர்.ஈ. பரீட்சைக் கட்டணம் 220 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 66,000 ரூபா. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. அந்தக் கணக்கில், அம்மா 49 நாள் மலைக்கு ஏறி முழுப் பேர் போட்டால்தான், அதாவது முழு நாட்சம்பளம் விழுந்தால்தான், அந்த ஒரு பரீட்சை. கொழுந்துக் கிலோ குறைந்து அரைப்பேர் விழுந்தால் இன்னும் கூடும். இப்போது அமெரிக்காவில் ஏராளமான துறைகள் ஜி.ஆர்.ஈ. கேட்பதே இல்லை. ஆகவே விண்ணப்பிக்கும் துறைகளின் பட்டியலை எழுதி முடிக்கும்வரை அந்தப் பரீட்சைக்குக் காசு கட்டாதீர்கள். பட்டியலை எழுதி முடித்தால் பலருக்கு அது தேவைப்படாது.

ஆங்கிலப் பரீட்சையிலும் இப்படித்தான். ஐ.ஈ.எல்.டி.எஸ். பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். “எதுக்கும் இருக்கட்டும்” என்று மூன்றாம் வருடத்தில் எழுதி வைப்பது வீண். இருந்த இடத்தில் இணையம் வழியாக எழுதும் டுவோலிங்கோ பரீட்சை அதைவிட மிகவும் மலிவு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நிறைய ஏற்கின்றன. ஆனால் அதை லயத்தில் இருந்து எழுதாதீர்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் சுவரைத் தாண்டி வரும், நடுவில் தங்கச்சி கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள், மழை இருட்டினால் சிக்னல் போய்விடும். கேமரா இத்தனையையும் பதிவு செய்யும். அறைக்குள் இன்னொருவர் வந்தாலோ இணைப்பு அறுந்தாலோ பெறுபேறு தராமல் விட்டுவிடுவார்கள். டவுனில் பழக்கமான ஒருவரின் அலுவலக அறையை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். கதவுக்கு வெளியே ஒருவரை உட்கார வையுங்கள்.

முகவர்களைப் பற்றி ஒரு விஷயம். அவர்களில் பெரும்பாலானோருக்கு வருமானம், நாம் கட்டும் கட்டணத்தில் பல்கலைக்கழகம் கொடுக்கும் தரகுதான். நாம் கட்டணம் கட்டாமல் போகும் வழியில் அவர்களுக்கு ஒரு சதமும் கிடைக்காது. ஆகவே அந்த வழியை அவர்கள் சொல்லாததில் ஆச்சரியம் இல்லை. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த வழிகளைத்தான்.

அமெரிக்காவில் கலாநிதிப் படிப்புக்குப் போக முதுமாணி கட்டாயம் இல்லை என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தோடு நேரடியாக விண்ணப்பிக்கலாம். விஞ்ஞானம், பொறியியல், பொருளியல் போன்ற துறைகளில் நல்ல கலாநிதி அனுமதி என்றால் கட்டணம் தள்ளுபடி, கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் வேலை, மாதச் சம்பளம் எல்லாம் சேர்ந்தே வரும். முதுமாணிக்கு அப்படி வருவது அரிது. விண்ணப்பக் கட்டணம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 50 முதல் 100 டொலர் வரை போகும். அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லி, விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்பே, துறையின் பட்டப்பின்படிப்பு இணைப்பாளருக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள். கட்டிய பிறகு திரும்பி வராது. இன்னொன்று, 2025இல் அமெரிக்க அரசு ஆய்வு நிதியை வெட்டியதில் சில துறைகள் புதிய மாணவர்களைக் குறைத்துக்கொண்டன. எல்லா முட்டையையும் அந்த ஒரு கூடையில் வைக்க வேண்டாம்.

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. படிப்புக் கட்டணமும் விமானச் சீட்டும் அவர்களுடையது. ஆய்வு மாணவருக்கு மாதம் சுமார் 143,000 யென். தூதரகம் வழியாக விண்ணப்பம் கோருவது வருட முற்பகுதியில், அவகாசம் சில கிழமைகள்தான். விண்ணப்பத்தில் கனமானது ஆய்வுத் திட்டம். பலர் அதைக் கடைசி இரண்டு இரவில் எழுதிக் கெடுக்கிறார்கள். தலைப்பு “தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பிரச்சினைகள்” என்று பரந்து கிடந்தால் படிப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. எந்தக் கேள்வி, எந்தத் தரவு, ஜப்பானில் எந்தப் பேராசிரியரின் ஆய்வோடு அது பொருந்துகிறது என்ற மூன்றும் முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில், ஒரு வருட முதுமாணிக்கு. 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள், கிட்டத்தட்ட இரண்டு வருடம். சம்பளமில்லாத தொண்டு வேலையும் அந்தக் கணக்கில் சேரும் என்பதை நம் பிள்ளைகள் கவனிப்பதில்லை. சனிக்கிழமை தோறும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நடத்திய வகுப்பும் மணிக்கணக்குத்தான். எத்தனை கிழமை, கிழமைக்கு எத்தனை மணி என்று எழுதி, உறுதிப்படுத்தக்கூடிய ஒருவரின் கடிதத்தை இப்போதே வாங்கி வையுங்கள். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இங்கே அரச வேலையில் இருப்பவருக்கு அது பாரமே இல்லை.

ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் முதுமாணிப் புலமைப்பரிசிலில் கட்டணம் இல்லை, மாதம் 1400 யூரோ, 24 மாதம் வரை. கேட்க இனிக்கும். ஆனால் அந்த 1400க்குள் பயணமும் விசாவும் வீட்டு முன்பணமும் அடக்கம். முதல் தொகை, போய் இறங்கி, அங்கே வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் வரும். அதோடு ஸ்பெயின், போர்த்துக்கல், பெல்ஜியம் போன்ற நாடுகளுக்குக் கொழும்பில் தூதரகம் இல்லை. நீண்டகால விசா புதுடெல்லித் தூதரகத்தின் பொறுப்பில் வரும். நேரில் வா என்றால் இந்திய விசா, டெல்லிக்குச் சீட்டு, தங்குமிடம் என்று தனிச் செலவு.

நம் பிள்ளைகள் விழுகிற பள்ளம் இதுதான். முழுப் புலமைப்பரிசில் கிடைத்தும், முதல் சம்பளத்துக்கு முந்திய இரண்டு மூன்று மாதத்தைத் தாண்டக் காசில்லாமல் தவிக்கிறார்கள். அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். விசாக் கட்டணம் 185 டொலர், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350, இரண்டும் சேர்ந்து 535. அதற்கு மேல் விமானச் சீட்டு, வாடகை முன்பணமும் முதல் மாத வாடகையும், பானை சட்டி, குளிருடுப்பு. கட்டணத் தள்ளுபடி என்பது பாடக் கட்டணத்துக்குத்தான். மாணவர் கட்டணம், மருத்துவக் காப்புறுதி என்று தவணைக்குச் சில நூறு டொலர் நம் தலையில் விழலாம். ஆகஸ்ட் நடுவில் போய் இறங்கினால் முதல் சம்பளம் செப்டெம்பர் கடைசியில். ஆக 3,000 முதல் 4,000 டொலர் வரை கையில் வேண்டும். நடுவில் 3,500 என்று வைத்தால் பத்தரை லட்சம் ரூபா.

இதைக் குறைக்க வழி இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். முதல் மாதத்துக்குச் சிறு முன்பணமோ வட்டியில்லாக் கடனோ சில பல்கலைக்கழகங்கள் தருகின்றன. மாணவர் கட்டணத்தைத் தவணை முறையில் கட்ட அனுமதிப்பார்கள். அந்தப் பல்கலைக்கழகத்து இலங்கை மாணவர் சங்கத்தைப் பிடித்தால் முதல் இரண்டு கிழமை தங்க இடம் கிடைக்கும். மிச்சத்துக்கு, விண்ணப்பம் போடும் வருடத் தொடக்கத்திலேயே ஒரு சீட்டில் சேர்ந்து, ஜூலையில் எடுக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நகையை அடகு வைக்கத்தான் வேண்டும் என்றால் இந்த இடைவெளிக்காக வையுங்கள், நான்கைந்து மாதச் சம்பளத்தில் மீட்டுவிடலாம். கட்டணம் கட்டிப் படிக்கும் முதுமாணிக்காக வைத்த நகை வீடு திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அடுத்தது பத்திரங்கள். நம் பகுதியில் அதிகமாக இழுபடுவது பெயர். பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் எழுதிய பெருமாள், அடையாள அட்டையில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், சாதாரண தரச் சான்றிதழில் இன்னொன்று, பட்டச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். கடவுச்சீட்டு எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டலில்தான் விண்ணப்பம் போக வேண்டும். மற்றவற்றில் வித்தியாசம் இருந்தால், எல்லாம் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரே பிழை என்றால் திருத்தத்துக்குப் பிரதேச செயலகத்தில் இன்றே கொடுங்கள், அதற்கு மாதங்கள் போகும். சிங்களப் பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுக்கும்போது, பெயரைக் கடவுச்சீட்டைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

பல்கலைக்கழகப் பெறுபேற்று அறிக்கையைப் பட்டம் பெறும்போதே, முத்திரையிட்ட உறைகளில் ஐந்து பிரதி எடுத்து வைப்பது நல்லது. 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. அப்படிப்பட்ட நேரத்தில் பதிவாளர் கிளையில் யாரிடம் போய்க் கேட்பது? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து நுவரெலியா, பதுளை, கண்டியில் மலைகள் சரிந்ததையும் மறக்க முடியாது. எல்லாப் பத்திரத்தையும் ஸ்கேன் செய்து, பின்பக்கப் புள்ளி விளக்கத்தையும் சேர்த்து, மின்னஞ்சலில் ஒரு பிரதி வையுங்கள். தபால் முகவரிக்குத் தோட்டத்து ஆபிசை நம்ப வேண்டாம். கடிதம் ஆபிசுக்கு வந்து, டிவிசனுக்குப் போய், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் யாரோ ஒருவர் கையில் கொடுத்து வீடு வந்து சேரும்போது நேர்முகத் திகதி போயிருக்கும். டவுனில் நம்பிக்கையான கடையோ பாடசாலையோ ஒன்றின் முகவரியைக் கேட்டு வாங்குங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு விரிவுரையாளருக்கு ஆறு கிழமை கொடுங்கள். உங்கள் பெறுபேறு, ஆய்வுக் கட்டுரையின் சுருக்கம், முடிவுத் திகதிகள் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். அவருடைய ஜிமெயில் முகவரியை விண்ணப்பத்தில் போடாமல் பல்கலைக்கழக முகவரியைப் போடுங்கள்.

தமிழ்மொழி மூலம் கலைப்பட்டம் முடித்தவர்களுக்கும் மூன்று வருடப் பொதுப் பட்டக்காரர்களுக்கும் வழி வேறு. ஆங்கிலமொழி மூலம் படித்ததாகக் கடிதம் வாங்க முடியாது, பரீட்சை எழுதித்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் மூன்று வருடப் பட்டத்தோடு இரண்டு வருட முதுமாணி சேரலாம். இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசிலுக்கு இந்தியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம், கண்டியிலும் உதவித் தூதரகம் இருக்கிறது. போகும் முன் அந்தப் பல்கலைக்கழகத்தை இங்குள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் நாட்டை விட்டுப் போகவும் வேண்டியதில்லை. பேராதனையில் விஞ்ஞானம், விவசாயம், மானிடவியலும் சமூக விஞ்ஞானமும் என்று தனித்தனிப் பட்டப்பின்படிப்பு நிறுவகங்கள் உண்டு. வார இறுதி வகுப்புகள் ஆசிரியர்களுக்குத் தோதானவை. ஹட்டனில் இருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. சனி இரவு கண்டியில் தங்கும் செலவைக் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சேரும் முன் கிரெடிட்டை, அதாவது பாடச்சுமையின் அளவைப் பாருங்கள். 30 கிரெடிட் முதுமாணியும் உண்டு. பின்னால் கலாநிதிப் படிப்பு எண்ணம் இருந்தால் ஆய்வோடு கூடிய 60 கிரெடிட்டையே எடுங்கள். விஞ்ஞானக்காரர்கள் தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை நிதியில் நடக்கும் திட்டங்களுக்கான ஆய்வு உதவியாளர் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சிறு சம்பளத்தோடு முதுதத்துவமாணி (எம்.ஃபில்.) பதிவும் அதில் கிடைக்கும்.

வீட்டில் பேச வேண்டியதையும் பேசிவிட வேண்டும். அப்பா அம்மா ஓய்வுபெற்ற பிறகு அந்த லயத்து வீடு யார் பேரில் நிற்கும்? உதவித்தொகையில் மாதம் எவ்வளவு அனுப்ப முடியும்? முதல் ஆறு மாதம் ஒன்றும் அனுப்ப முடியாது என்பதைப் போகும் முன்பே சொல்லுங்கள். திருமணமானவர்கள் கவனிக்க: 2024 ஜனவரியில் இருந்து பிரித்தானியாவில் வழக்கமான பாடநெறி முதுமாணி மாணவர் துணையையும் பிள்ளைகளையும் கூட்டிப்போக முடியாது.

கையில் அமெரிக்க அனுமதிக் கடிதம் இருப்பவர்கள் துறைக்கு இதைக் கேட்டு எழுதுங்கள்: உதவித்தொகை ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா, எத்தனை வருடம் உறுதி, தள்ளுபடியில் சேராத கட்டணம் தவணைக்கு எவ்வளவு, முதல் சம்பளத் திகதி எது, அதற்கு முன் முன்பணம் உண்டா. ஒன்பது மாதம் என்றால் கோடைக்கு என்ன வேலை என்றும் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். அவசரப்படுத்தினாலும் பதற வேண்டாம். நிதியுதவியோடு வந்த அனுமதிக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் கொடுப்பதாக அங்குள்ள பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்திருக்கின்றன.