சும்மா படிக்கிற புத்தகம்

போன வாரம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். எடுத்துப் போகவும் மனமில்லை, திருப்பி வைக்கவும் மனமில்லை. "என்னம்மா?" என்று கேட்டேன். "மிஸ், இதைப் படிச்சா ஏதாவது எழுதிக் கொடுக்கணுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். "கேள்வி கேப்பீங்களா?" மாட்டேன் என்றேன். உடனே திரும்பிப் போய் இன்னொரு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

வேறு பள்ளியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பிள்ளை அவள். ஒரு புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று யோசிக்க யாரோ அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். "யாரோ" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பல வருடங்கள் நானும் அதைத்தான் செய்தேன்.

நான் நடுநிலைப் பள்ளி நூலகம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள். 11 வயதிலிருந்து 14 வயது வரை. எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்பட்ட காலம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முடிந்திருக்கும். தடிமனான புத்தகத்தைக்கூடப் படிக்கும் திறமை அப்போதுதான் கைக்கு வருகிறது. ஆனால் அதே நேரத்தில்தான் கதை வாசித்துக்காட்டுவதை வீட்டிலும் வகுப்பிலும் நிறுத்திவிடுகிறோம். பாடங்கள் கூடுகின்றன. புத்தகம் என்றாலே தேர்வு என்று ஆகிவிடுகிறது. நன்றாகப் படிக்கத் தெரிந்த பிறகு படிப்பதை விட்டுவிடும் வயது இது. இந்த மூன்று வருடங்களில் விட்டவர்களை அப்புறம் திரும்பக் கூட்டி வருவது கஷ்டம்.

நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பாடம் படிப்பதும் "படிப்பது"தான், கதை படிப்பதும் "படிப்பது"தான். "போய்ப் படி" என்று அதட்டினால் எந்தப் பிள்ளையும் கதைப் புத்தகத்தை எடுக்காது. கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்துப் "படிக்காம என்ன பண்ணிட்டிருக்க?" என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. வாசிப்பு என்று தனியாக ஒரு சொல் இருந்தும் வீட்டுப் பேச்சில் அது அவ்வளவாக வருவதில்லை.

நான் வைத்திருந்த ஏற்பாட்டின் பெயர் வாசிப்புக் குறிப்பேடு. புத்தகத்தின் பெயர், ஆசிரியர் பெயர், எத்தனை பக்கம், பத்து வரியில் கதைச்சுருக்கம், பெற்றோர் கையெழுத்து. மாதக் கடைசியில் நான் திருத்துவேன். அதிகம் படித்தவருக்குப் பரிசும் இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அலமாரி நிறையக் குறிப்பேடுகள், ஒவ்வொன்றிலும் வரிசையாகப் புத்தகப் பெயர்கள். அப்புறம்தான் கவனித்தேன். பிள்ளைகள் புத்தகத்தை எடுத்ததும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பினார்கள். முடிவு தெரிந்துகொள்ள அல்ல, பக்க எண் பார்க்க. மெலிந்த புத்தகங்கள் எல்லாம் கை மாறிக் கை மாறி நைந்து போயின. 200 பக்கத்துக்கு மேல் இருந்தவை புதிதாகவே இருந்தன. பின் அட்டையில் இருக்கும் வாக்கியங்கள் அப்படியே சுருக்கமாக வந்தன. மூன்று குறிப்பேடுகளில் ஒரே எழுத்துப்பிழையோடு ஒரே வரி.

ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மேசைக்கு அடியில் தடிமனான நாவல் ஒன்றை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் போயிருந்தாள். அவளுடைய குறிப்பேட்டில் அந்தப் புத்தகத்தின் பெயர் இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அது கணக்குல வராது மிஸ். அது சும்மா படிக்கிறது."

அந்தச் "சும்மா" என்னை விடவே இல்லை. அவள் உண்மையாகவே படித்த புத்தகத்தை என்னிடமிருந்து ஒளித்து வைத்திருந்தாள். எனக்குக் காட்டியதெல்லாம் எனக்காகச் செய்த வேலை. நான் வளர்க்க நினைத்தது எதுவோ அது என் கண்ணில் படாமல் இருந்தால்தான் உயிரோடு இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வருடத்தோடு குறிப்பேட்டை நிறுத்தினேன். பரிசையும் நிறுத்தினேன்.

பரிசை ஏன் நிறுத்த வேண்டும் என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு நான் சொன்னது 1973-இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் செய்தது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சின்னக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து வகுப்பறையில் பேனாக்களைப் பரப்பி வைத்துவிட்டு யார் தானாக வரைகிறார்கள் என்று பார்த்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஆக, பரிசு கொடுத்ததில் தவறில்லை, "இதைச் செய்தால் அதைத் தருவேன்" என்று பேரம் பேசியதில்தான் இருக்கிறது. ஆசையாகச் செய்துகொண்டிருந்த ஒன்றைக் கூலி வேலையாக மாற்றிவிடுகிறோம்.

சரி, கணக்குக் கேட்காவிட்டால் பிள்ளை படித்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? நூலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். படித்த பிள்ளை புத்தகத்தைத் திருப்பித் தரும்போது மேசையில் வைத்துவிட்டு உடனே நகராது. ஒரு நிமிஷம் நிற்கும். அடுத்த பாகம் இருக்கிறதா என்று கேட்கும். அல்லது கோபமாக இருக்கும், "அந்த நாய் ஏன் சாகணும்?" என்று. நான் கேட்பது ஒன்றே ஒன்று: "எந்த இடத்துல நிறுத்த முடியாமப் போச்சு?" இதற்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாது. "எல்லா இடத்துலயும் நிறுத்தினேன், போர்" என்று சொன்னாலும் அது நல்ல பதில்தான், அடுத்து எதைக் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. பாதியில் விட்ட புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் குற்றவாளி மாதிரி வருவார்கள். அந்த முகம் மாறுவதற்கே எனக்கு ஒரு வருடம் பிடித்தது. பிடிக்காத புத்தகத்தை மூடத் தெரிந்தவன்தான் பிடித்த புத்தகத்தைத் தேடுவான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அட்டைகளில் வாசிப்பு நிலையைக் காட்டும் வண்ணப் பொட்டு ஒட்டும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பச்சை என்றால் எளிது, சிவப்பு என்றால் கடினம் என்பது மாதிரி. தயவுசெய்து ஒட்டாதீர்கள். 12 வயதுப் பிள்ளைக்குத் தன் கையில் இருக்கும் பச்சைப் பொட்டைப் பக்கத்தில் இருப்பவன் பார்க்கிறான் என்பதைவிடப் பெரிய துன்பம் இல்லை. அவன் சிவப்பை எடுத்துக்கொண்டு போய்ப் படிக்காமல் திருப்பிக் கொடுப்பான், இல்லாவிட்டால் வரவே மாட்டான். அமெரிக்கப் பள்ளி நூலகர்கள் சங்கமே இந்தப் பழக்கத்துக்கு எதிராக நிலைப்பாடு வெளியிட்டிருக்கிறது. எளிதா கடினமா என்று பிள்ளையே பார்த்துக்கொள்ள ஐந்து விரல் வழி இருக்கிறது. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கினால் கொஞ்சம் கனமான புத்தகம். அதையும் நான் பிள்ளையின் கையில் விட்டுவிடுவேன். ஐந்து விரலும் மடங்கிய பிறகும் சுறாமீன் புத்தகத்தை விடாமல் எடுத்துப் போனவர்கள் உண்டு. ஆசை இருந்தால் அகராதி எங்கே இருக்கிறது என்று தானாகவே கேட்பார்கள்.

சுறாமீன் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்க, 1876-இல் மெல்வில் டூயி என்ற அமெரிக்க நூலகர் கொண்டுவந்த பகுப்பு முறைதான் எங்கள் அலமாரிகளிலும். டைனோசர் 567.9, பேய் 133.1, காமிக்ஸ் 741.5. எண்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஆனால் செய்துவிடுகிறார்கள், தங்களுக்கு வேண்டிய எண்ணை மட்டும்! காமிக்ஸ் படிப்பது படிப்பே இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு நிறைய வாக்குவாதம் நடந்திருக்கிறது. படத்தையும் வசனத்தையும் ஒருசேரப் பிடித்து, இரண்டு கட்டங்களுக்கு நடுவில் சொல்லாமல் விட்டதை மனதால் நிரப்பிப் படிப்பது சாதாரண வேலை இல்லை. ஒரே காமிக்ஸை எட்டு முறை எடுக்கும் பிள்ளையை நான் தடுப்பதில்லை. எழுத்து கண்ணில் குழம்பும் பிள்ளைகளுக்கு ஒலிப்புத்தகம் கொடுக்கிறேன். காதால் படித்தாலும் கதை உள்ளே போகிறது.

கணித ஆசிரியராக இருந்து நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே. இதைப் போய் ஒரு விதியாக எழுத வேண்டுமா என்று தோன்றும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுப் பிணைத்து வைத்திருந்தார்கள். இப்போது சங்கிலி இல்லை, கண்ணாடிக் கதவும் பூட்டும் இருக்கின்றன. கிழித்துவிடுவார்கள், தொலைத்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கிறது. தொலைக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் தாமதக் கட்டணம் வைத்தால் புத்தகம் திரும்பி வருவதற்குப் பதிலாகப் பிள்ளை வராமல் போகிறது. கட்டண பாக்கி உள்ள பிள்ளை நூலக வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்க நூலகச் சங்கம் 2019-இல் அபராதம் சமூக ஏற்றத்தாழ்வின் ஒரு வடிவம் என்றே தீர்மானம் போட்டது. நானும் எடுத்துவிட்டேன்.

பழைய புத்தகங்களைக் கழிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புளூட்டோவை ஒன்பதாவது கோள் என்று சொல்லும் புத்தகம் 2006-க்கு முந்தியது. எடுத்துவிடுங்கள். இப்படிக் காலியாகும் இடத்தில் நான்கு புத்தகங்களை அட்டை முகம் தெரிய நிறுத்தலாம்.

புதிய வரவுகளுக்கென்று அழகான பலகை வைத்திருக்கிறேன். அதைவிட அதிகம் மொய்க்கிற இடம், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கும் தள்ளுவண்டி. இன்னும் அலமாரிக்குப் போகாதவை, இன்னொரு பிள்ளையின் பையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவை. என் பரிந்துரையைவிட அந்த மூலை மடிந்த அட்டையை அவர்கள் நம்புகிறார்கள். அதனால் வண்டியை அவசரமாகக் காலி செய்வதை விட்டுவிட்டேன். வாரத்துக்கு ஒருமுறை வகுப்பில் இரண்டு நிமிஷம் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவேன். கதையைச் சொல்ல மாட்டேன். கதவு தட்டப்படும் இடம் வரை வாசித்துவிட்டு மூடிவிடுவேன். இப்போதெல்லாம் பிள்ளைகளே வந்து அப்படிப் பேசுகிறார்கள். என்னைவிட நன்றாக மூடுகிறார்கள்.

எதையும் மதிப்பிடாவிட்டால் சிலர் வெறுமனே பக்கம் புரட்டிக்கொண்டிருப்பார்களே என்று கேட்கிறார்கள். இருப்பார்கள். ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் இந்தப் பருவம் முழுக்க ஒரே ஒரு நிலவரைபடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். வேறெதுவும் எடுக்கவில்லை. ஆறு ஒன்று மலையில் தொடங்கும் இடத்திலிருந்து கடலில் சேரும் இடம் வரை விரலை மெதுவாக நகர்த்துவான். வழியில் இருக்கும் ஊர்ப் பெயர்களை உதடு மட்டும் அசையச் சொல்லிக்கொள்வான். அதிலிருந்து அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அந்தப் புத்தகம் வேறு யாருக்கும் இரவல் போய்விடாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

எழுதாமல் மிஞ்சிய வாசிப்புக் குறிப்பேடுகள் ஒரு கட்டு கிடந்தன. வீணாக்க வேண்டாம் என்று ஒன்றை எடுத்துத் தள்ளுவண்டியில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். வெளியே போயிருக்கும் புத்தகம் வேண்டுமென்றால் அதில் பெயர் எழுதி வைக்கலாம். முதலில் சொன்னேனே, அந்த ஏழாம் வகுப்புப் பெண் எடுத்துப்போன இரண்டாவது புத்தகத்துக்கு இன்று மதியம் வரை 11 பெயர்கள் விழுந்திருக்கின்றன. பதினொன்றாவது பெயர் ஓர் ஆசிரியருடையது.