கடைசியில் குத்துவது ராஜா

நீங்கள் வெளியிட்ட, டிராகன் படங்கள் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் 1981-இல் வந்த 'டிராகன்ஸ்லேயர்' படத்தை "பழைய பொம்மைப் படம்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது சரியில்லை. திரைப்படப் பொம்மை அசைவுக் கலைஞர் ஃபில் டிப்பெட்டும் குழுவும் 'கோ மோஷன்' என்ற முறையில் செய்த டிராகன் அது. சாதாரண ஸ்டாப் மோஷனில் பொம்மையை நகர்த்தி, நிறுத்தி, படம் எடுப்பார்கள். ஒவ்வொரு ஃபிரேமும் துல்லியமாக இருப்பதால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். கோ மோஷனிலோ கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும்போதே கம்பிகள் மூலம் பொம்மையைக் கம்ப்யூட்டர் அசைக்கும். அந்த லேசான மங்கல்தான் உயிர் கொடுக்கிறது. குகையில் செத்துக் கிடக்கும் குஞ்சுகளைத் தாய் டிராகன் மூக்கால் தொட்டுப் பார்க்கும் இடத்தைப் பாருங்கள். எனக்கு அதன்மேல் பாவமே வந்துவிட்டது!

குறை இல்லையா என்றால், இருக்கிறது. நாயகன் கேலன் மனதில் ஒட்டவில்லை. சூனியக்காரரின் எடுபிடியாக வரும்வரை சரி, ஈட்டியைத் தூக்கியதும் பள்ளி நாடக வேஷம் மாதிரி ஆகிவிடுகிறார். காதலும் திடீரென்று முளைக்கிறது. நடுவில் அரை மணி நேரம் இழுவை.

ஆனால் கதையில் ஒரு துணிச்சல் உண்டு. டிராகனுக்குப் பலியாகும் கன்னிப் பெண்களைக் குலுக்கல் போட்டு எடுப்பார்கள். தன் பெயர் அதில் இருந்ததே இல்லை என்று தெரிந்ததும் இளவரசி ஒரு காரியம் செய்வாள். அதைச் சொல்ல மாட்டேன். அப்புறம், டிராகன் செத்துக் கிடக்கும்போது வந்து சேரும் ராஜா, பிணத்தில் வாளைச் செருகி 'டிராகனைக் கொன்றவர்' என்ற பட்டத்தை வாங்கிக்கொள்வார். தியேட்டராக இருந்தால் விசிலடித்திருப்பேன்.