ஹோம்கமிங் நடனத்துக்கு உங்கள் மகளையும் அனுப்புங்கள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் டெக்சாஸில் நம் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு பேச்சு ஓடும். ஒன்று, யார் வீட்டுக் கொலுவுக்கு எந்த நாள் போவது. இன்னொன்று, ஹோம்கமிங். முதலாவதில் எல்லோரும் கலந்துகொள்கிறோம். இரண்டாவது வந்ததும் பாதிப் பேர் அமைதியாகிவிடுகிறார்கள். மீதிப் பேரில் சிலர் "நாங்க பொண்ணை இதுக்கெல்லாம் அனுப்புறதில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுத வந்தேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பழைய மாணவர்களை வரவழைத்து, அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் பார்க்க வைத்து, கொண்டாடி அனுப்பும் வழக்கம் இங்கே பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. 1911-ல் நடத்தியதை வைத்து முதல் ஹோம்கமிங் எங்களுடையதுதான் என்று மிசூரி பல்கலைக்கழகம் உரிமை கொண்டாடும். டெக்சாஸின் பேய்லர் பல்கலைக்கழகமோ 1909-லேயே நடத்திவிட்டோம் என்கிறது. அது பிறகு உயர்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆட்டத்துக்கு முந்தைய நாட்கள்தான் ஸ்பிரிட் வீக். ஒரு நாள் பைஜாமாவோடு பள்ளிக்கு வருவார்கள், ஒரு நாள் இரண்டு தோழிகள் இரட்டையர் மாதிரி ஒரே உடையில், ஒரு நாள் எழுபதுகளின் பெல்பாட்டத்தில். வெள்ளிக்கிழமை ஜிம்மில் பெப் ராலி, அதாவது அணியை உற்சாகப்படுத்தும் கூட்டம், இரவு ஆட்டம். பெரும்பாலும் சனிக்கிழமை இரவு நடனம்.

டெக்சாஸில் இதெல்லாம் பெரிய அளவில் நடக்கும். டாலஸுக்கு வடக்கே ஆலன் என்ற ஊரில் 2012-ல் பள்ளி ஃபுட்பாலுக்காகத் திறந்த ஸ்டேடியத்தில் 18,000 பேர் உட்காரலாம். செலவு சுமார் 6 கோடி டாலர். இந்தப் பக்கத்துப் பள்ளிகளின் மார்ச்சிங் பேண்ட் களத்தில் இறங்கும்போது பாருங்கள், கிளாரினெட்டும் ஃப்ளூட்டும் வாசிக்கிறவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று. ஆகஸ்ட் வெயிலில் பார்க்கிங் லாட்டில் நின்று பயிற்சி எடுத்த பிள்ளைகள். நாம்தான் கொண்டுபோய் விட்டோம், தண்ணீர் பாட்டில் நிரப்பிக் கொடுத்தோம், கூட்டி வந்தோம். அதே பிள்ளை, அதே நண்பர்களோடு, அதே பள்ளிக்கூடத்தில் மறுநாள் இரவு ஆடப் போகிறேன் என்றால் மட்டும் வீட்டில் ஏன் எல்லோர் முகமும் மாறிப்போகிறது?

ஹோம்கமிங்குக்குப் பெண்கள் மாட்டிக்கொள்ளும் மம் என்ற பூ அலங்காரம் பற்றியும் சொல்ல வேண்டும். டெக்சாஸுக்கு வெளியே இதைப் பார்ப்பது அரிது. தொடக்கத்தில் பையன் தன்னோடு ஆட்டத்துக்கு வரும் பெண்ணுக்கு ஒரு நிஜச் சாமந்திப் பூவில் ரிப்பன் வைத்துக் கொடுப்பான், அவள் சட்டையில் குத்திக்கொள்வாள். அவ்வளவுதான். இப்போது பூ துணியில் வந்துவிட்டது, அதுவும் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில். அதிலிருந்து முழங்காலுக்கும் கீழே தொங்கும் ரிப்பன்கள், குட்டி மணிகள், நடுவில் ஒரு கரடி பொம்மை, பேட்டரியில் எரியும் விளக்குச் சரம். ஒரு ரிப்பனில் அவள் பெயர், இன்னொன்றில் ஆண்டு. கனம் தாங்காமல் கழுத்தில் வார் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். பையன்களுக்கு இதன் சின்ன வடிவம், கார்ட்டர் என்பார்கள், கையில் கட்டிக்கொள்வது. கடையில் சொல்லிச் செய்தால் சில நூறு டாலர்கூட ஆகிவிடும்.

நானும் மகளும் வீட்டிலேயே செய்தோம். ஹாபி லாபி என்ற கைவினைப் பொருள் கடையில் பூ, ரிப்பன், மணி எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். ரிப்பனை மடித்து மடித்து ஸ்டேபிளர் அடித்துச் சடை மாதிரி கோத்துக்கொண்டே போக வேண்டும். பூக்கட்டிப் பழகிய கைக்கு அது சீக்கிரம் பிடிபட்டுவிடுகிறது. அவள் க்ளூ கன்னைப் பிடித்துக்கொண்டு மணிகளை ஒட்டினாள், வாய் ஓயாமல் பேசினாள். யார் யாரோடு போகிறார்கள், யாரை யாரும் கூப்பிடவில்லை, எந்தத் தோழி தன் வீட்டில் அனுமதி கேட்கவே பயந்து "எனக்கு இதில் இஷ்டம் இல்லை" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், எல்லாம் வந்தது. சாதாரண நாளில் "ஸ்கூல் எப்படிம்மா?" என்று கேட்டால் "ஓகே" என்ற ஒரே சொல்தான் பதில்.

அந்தக் கடைசித் தோழிதான் மனதை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் அவள் அண்ணன் அதே பள்ளியில் படித்தபோது எல்லா வருடமும் நடனத்துக்குப் போனான். கோட் போட்டு, டை கட்டி எடுத்த படங்கள் இதே முகநூலில் வந்தன, நாமெல்லாம் லைக் போட்டோம். அவள் அம்மா எனக்குத் தங்கை மாதிரி, அதனால் உரிமையோடு கேட்டேன். "அக்கா, பையன்னா பரவாயில்லை. பொண்ணை எப்படிக்கா ராத்திரியில அனுப்புறது?" என்றாள். கெட்ட மனம் இல்லை, மகள் மேல் உயிரையே வைத்திருக்கிறவள். ஆனால் அந்தக் கேள்விக்குள் இருப்பது பயம் மட்டும் இல்லை. பையனும் அதே கட்டடத்துக்கு, அதே ராத்திரியில்தானே போனான்? அவனுக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையில் பாதி, அப்படியே ஏதாவது ஆனாலும் ஊர் பேசாது என்ற நம்பிக்கைதான்.

நடனம் நம் கலாச்சாரம் இல்லை என்பார்கள். இதை நான் ஏற்கவே மாட்டேன். பொங்கல் விழா மேடையில் இதே பெண்கள் குத்துப்பாட்டுக்கு ஆடும்போது முன்வரிசையில் உட்கார்ந்து வீடியோ எடுப்பது யார்? நவராத்திரிக்கு நடக்கும் தாண்டியாவுக்கு நள்ளிரவு வரை குடும்பத்தோடு போகிறோம். ஆட்டம் நமக்குப் பிரச்சினை இல்லை. நாம் பார்க்காத இடத்தில் நம் பெண் சந்தோஷமாக இருப்பதுதான் நமக்குப் பிடிபடாமல் இருக்கிறது.

பயத்தை நான் தள்ளிவிடவில்லை. அதற்குப் பதில் விவரம் தெரிந்துகொள்வதுதான். எங்கள் பள்ளியில் டிக்கெட்டும் மாணவர் அடையாள அட்டையும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வேறு பள்ளிப் பிள்ளையை அழைத்து வர முன்கூட்டியே படிவம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். உள்ளே ஆசிரியர்கள், வாசலில் போலீஸ். ஒருமுறை வெளியே போய்விட்டால் திரும்ப உள்ளே வர முடியாது. நாம் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடும் பல பிறந்தநாள் விழாக்களில் இவ்வளவு கண்காணிப்பு கிடையாது. கேட்க வேண்டிய கேள்வி நடனம் முடிந்த பிறகு என்ன என்பது. யார் வீடு, அங்கே பெரியவர்கள் இருக்கிறார்களா, யார் கார் ஓட்டுகிறார்கள், எத்தனை மணிக்கு நான் வந்து கூட்டிப்போகட்டும். இதைக் கேளுங்கள், கறாராகவே கேளுங்கள். மகனிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள்.

ஜோடியாகத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. அட்டையில் வண்ண எழுத்தில் "என்னோடு வருகிறாயா?" என்று எழுதி நீட்டும் படங்களைப் பார்த்துவிட்டுப் பல பெற்றோர் பதறுகிறார்கள். என் மகளின் வட்டத்தில் கூட்டமாகத்தான் போனார்கள். ஒரு வீட்டு முற்றத்தில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு, பெற்றோர் இரண்டு காரில் கொண்டுபோய் விட்டோம். உடை பற்றிய சண்டை எல்லா வீட்டிலும் உண்டு, எங்கள் வீட்டிலும் உண்டு. பேசி ஒரு முடிவுக்கு வரலாம். வசந்த காலத்தில் வரும் இன்னொரு பள்ளி நடனமான ப்ராமுக்கு லெஹங்கா கட்டிக்கொண்டு போகும் நம் பெண்களும் இருக்கிறார்கள், அவ்வளவு அழகு.

இந்த நாட்டில் பள்ளி நடனத்தின் கதவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் கருத்து இவ்வளவு உறுதியானது. மிசிசிப்பியின் சார்ல்ஸ்டன் ஊரில் வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் 1970-லிருந்து ஒரே பள்ளியில் படித்தார்கள். ஆனால் ப்ராம் மட்டும் தனித்தனி, பெற்றோர்கள் நடத்துவது. அந்தப் பகுதியைச் சேர்ந்த நடிகர் மார்கன் ஃப்ரீமன், ஒன்றாக நடத்தினால் செலவை நான் ஏற்கிறேன் என்று 1997-ல் சொன்னார். பள்ளி நிர்வாகம் ஏற்கவில்லை. 2008-ல் மறுபடி சொன்னார், அந்த வருடம்தான் முதல் முறையாக ஒரே ப்ராம் நடந்தது. ஜார்ஜியாவின் வில்காக்ஸ் மாவட்டத்தில் 2013 வரை இதே கதை. அங்கே அதை உடைத்தது நான்கு தோழிகள், இரண்டு பேர் கறுப்பினம், இரண்டு பேர் வெள்ளையினம். தாங்களே நிதி திரட்டி, எல்லோருக்குமான ஒரு ப்ராமை நடத்திக் காட்டினார்கள். அடுத்த வருடம் பள்ளியே எடுத்து நடத்தியது.

ஒரே வகுப்பில் உட்காரலாம், ஒரே அணியில் ஆடலாம், ஆனால் ஒரே கூடத்தில் நடனம் கூடாது என்று பெரியவர்கள் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார்கள்? யார் நம்மவர், யார் வெளியாள் என்பது அங்கேதான் முடிவாகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கதவைத் திறக்க அந்தப் பிள்ளைகள் அப்படிப் போராடினார்கள். நம் மகள்களுக்கோ கதவு திறந்தே இருக்கிறது. வெளியே நிறுத்துவது நாம். திங்கட்கிழமை பள்ளி உணவு மேஜையில் எல்லோரும் சனிக்கிழமைக் கதையைப் பேசும்போது தலையைக் குனிந்து சாப்பிடப்போவது நம் பெண்.

செலவு பற்றிய கவலை நியாயமானது. எல்லோரும் இங்கே பெரிய சம்பளத்தில் இல்லை, ஒரே வருமானத்தில் ஓடும் குடும்பங்கள் நிறைய. நிறையப் பணம் இல்லாமலும் போய்வரலாம். மம் கட்டாயமே இல்லை. வேண்டும் என்றால் எங்கள் வீட்டில் மிச்ச ரிப்பனும் மணிகளும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, க்ளூ கன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து செய்வோம். ஒருமுறை போட்ட கவுன்களைத் தோழிகளுக்குள் மாற்றிக்கொள்ள என் மகளும் அவள் நண்பர்களும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள், அளவு சொன்னால் எடுத்து வைக்கிறேன். நடனம் முடிந்து கூட்டிவர ஆள் இல்லை என்றால் என் காரில் இடம் இருக்கிறது, இன்பாக்ஸில் சொல்லுங்கள். நாள் நெருங்க நெருங்க டிக்கெட் விலை ஏறும், அதனால் இந்த வாரமே மகளிடம் பேசிவிடுங்கள். அவள் "எனக்கு இஷ்டம் இல்லை" என்று சொன்னால், இன்னும் ஒரு முறை கேளுங்கள்.